தொட்டிச் சுவரின் கறுப்பு வளையம்: ஒரு தெருவில் ஏடிஸ் கொசுவைத் தேடிய எட்டு வாரங்கள்

தென் மாவட்டம் ஒன்றில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒரு தெருவில் நடந்தது இது. அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் கடைசியில் ஓரளவு முடிந்தது. நான் அந்தத் தெருவில் குடியிருப்பவன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தெருக்காரர்கள், பணியாளர்கள் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. எங்களைப் போலவே தண்ணீரைச் சேமித்துவைத்து வாழும் தெருக்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான், நாங்கள் தவறு செய்த இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

பின்னணி

தெருவில் 42 வீடுகள். குழாயில் தண்ணீர் எட்டு அல்லது ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும். வரும் நேரம் நிச்சயமில்லை. சில சமயம் விடியற்காலை மூன்று மணி. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் குளியலறையை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி, பின்கட்டில் இரண்டு மூன்று நீல டிரம், சமையலறையில் வரிசையாகக் குடங்கள். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவைத்த தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு எங்கள் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் வரும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டதுதான் எங்கள் தெருவின் உண்மையான நோய். அது எங்களுக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

அக்டோபர் கடைசி வாரத்தில் மழை விட்ட பிறகு காய்ச்சல் தொடங்கியது. முதலில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அடுத்து எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன். பிறகு மூன்றாவது வீட்டில் தையல் வேலை செய்யும் பெண். குழந்தைக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. குழந்தைக்குத் தட்டணுக்கள் இறங்கியதால் ஆறு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அந்த ஆறு நாளும் அவளுடைய அப்பா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். பின்னால் எங்கள் வேலை நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்து ஊற்றியும் புழு போகவில்லை

காய்ச்சல் செய்தி போன மறுநாளே கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பெண்கள் டார்ச்சோடு வந்தார்கள். வீடு வீடாக ஏறித் தொட்டிகளைப் பார்த்தார்கள். புழு இருந்த இடங்களில் டெமிபாஸ் கரைசலை ஊற்றினார்கள். ஊரில் எல்லோரும் அபேட் என்று சொல்லும் மருந்து அது. சாயங்காலம் வண்டி வந்து புகை அடித்தது. தெருவுக்கு நிம்மதி.

பதினொரு நாள் கழித்து அதே பெண்கள் திரும்பி வந்தபோது, மருந்து ஊற்றிய தொட்டிகளில் பாதிக்கு மேல் மறுபடியும் புழு. "தண்ணியக் கலந்து ஊத்திட்டுப் போயிருக்காங்க" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அவர்கள் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொன்னார். அது உண்மையில்லை. பாதி வீடுகளில், அவர்கள் தெருமுனை தாண்டியதுமே, வாடை பிடிக்கவில்லை என்று அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றியிருந்தார்கள். மீதி வீடுகளில் அடுத்த தண்ணீர் வந்ததும் தொட்டி புதுத் தண்ணீரால் நிரம்பி மருந்து நீர்த்துப்போயிருந்தது. அப்புறம் இன்னொன்று: இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. புழு கொசுவாவதற்கு முந்தின நிலையான கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை என்பதால் அதன்மேலும் பெரிதாக வேலை செய்யாது.

புகையும் அப்படித்தான். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் அது பிடிக்கும். ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளே, கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். கொசுவும் நம்மோடு உள்ளேதான் இருக்கிறது.

அந்தப் பெண்கள் திட்டு வாங்கிக்கொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குத்தான் நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். மறுநாளிலிருந்து மூன்று பேராகப் போனோம்.

நாங்கள் பார்த்தவை

கையில் டார்ச், ஒரு கைலென்ஸ், வெள்ளை எனாமல் கிண்ணம் பொருத்திய குச்சி. 42 வீடுகளில் 39 வீடுகளுக்குள் போக முடிந்தது. 17 வீடுகளில் புழு இருந்தது.

தொட்டிக்குள் டார்ச் அடித்தவுடன் புழுக்கள் நெளிந்து கீழே போகும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து, தலைகீழாக, தண்ணீரின் மேல்பரப்பில் மாட்டிவிட்டது போலத் தொங்கும். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் கொசுவின் வாழ்க்கை முழுவதும் இந்த மேல்பரப்பை நம்பித்தான் இருக்கிறது.

தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொள்ளும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் இழுவிசை அது. ஏடிஸ் புழுவின் உடல் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. நீந்தாமல் விட்டால் மெதுவாகத் தாழும். அதன் வால் பக்கம் ஒரு மூச்சுக்குழல் இருக்கிறது. குழலின் நுனியில் ஐந்து சின்ன மடல்கள். அவற்றில் தண்ணீர் ஒட்டாது. மேல்பரப்பைத் தொட்டதும் மடல்கள் பூ விரிவது போல விரிந்து, மேலே உள்ள காற்றோடு குழல் சேர்ந்துகொள்ளும். அந்த மடல்களைச் சுற்றித் தண்ணீர்த் தோல் கொஞ்சம் குழிந்து, புழுவின் எடையைத் தாங்கிப் பிடிக்கும். நிழல் விழுந்தால் மடல்கள் மூடிக்கொள்ளும். புழு கீழே போகும். எவ்வளவு நேரம் கீழே இருந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தே தீரவேண்டும்.

கூட்டுப்புழுவுக்கு இது மாறி இருக்கும். காற்புள்ளி போன்ற உருவம், தலைப்பக்கம் இரண்டு சின்னக் கொம்புகள். மூச்சு அதன் வழியாக. உள்ளே காற்றுப் பை இருப்பதால் அது தண்ணீரைவிட இலேசு. பயந்து கீழே போனாலும் அசைவை நிறுத்தியதும் தானாக மேலே மிதந்து வரும். சுமார் இரண்டு நாளில் அதன் முதுகு பிளக்கும். உள்ளிருந்து கொசு நேர்மேலாக எழுந்து, தான் கழற்றிய தோலின் மேலேயே படகில் நிற்பது போல நிற்கும். பிறகு தண்ணீரின்மேல் கால் வைத்து, இறகு காய்ந்ததும் பறக்கும். அதன் கால்களில் உள்ள நுண்செதில்கள் தண்ணீரை ஒட்டவிடாததால்தான் அப்படி நிற்க முடிகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு சின்ன அலை போதும், கவிழ்ந்துவிடும். ஏடிஸ் ஆற்றிலும் ஓடையிலும் வளராமல் நம் வீட்டுக்குள் அசையாத தண்ணீரைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் நான் முப்பது வருடம் பாடம் நடத்தியதுதான். ஆனால் நாங்கள் தேடிய பதில் இதில் இல்லை. புரியாமல் இருந்தது வேறு: ஒரு வீட்டில் தொட்டியைக் காலி செய்து, புதுத் தண்ணீர் பிடித்து, பலகை போட்டு மூடி, மூன்றே நாளில் புழு. பலகையில் இடுக்கு இருந்தது, கொசு உள்ளே போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இட்ட முட்டை மூன்று நாளில் இவ்வளவு பெரிய புழு ஆகாது. அந்த வீட்டு ஆச்சி, "எங்க வீட்டுல தண்ணியோடயே புழு வருது ஐயா" என்று உறுதியாகச் சொன்னார். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு முழு நேரம் பிடித்துப் பார்த்தோம். துணியில் மண்ணும் துருவும்தான் இருந்தன.

பதில் கிடைத்தது தண்ணீரில் இல்லை, சுவரில். தொட்டி பாதியாகக் குறைந்திருந்த ஒரு மாலையில், பணியாளர்களில் மூத்தவர் டார்ச்சைத் தண்ணீருக்குள் அடிக்காமல் உள்சுவரில் சாய்வாக அடித்தார். "சார், இந்தக் கறுப்பு வளையத்தைப் பாருங்க. பாசின்னு நெனச்சிட்டிருந்தோம்ல?" லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாசிதான். ஆனால் அதன் நடுவே, சிமெண்டின் சொரசொரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் கறுப்பாக, பளபளப்பாக, வரிசையில்லாமல் ஒட்டிக்கொண்டு முட்டைகள்.

சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் தண்ணீரின்மேல் உட்கார்ந்து நூறு இருநூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பமாக மிதக்கவிடும். மலேரியாக் கொசு அனாபிலஸ் தனித்தனி முட்டையாக இடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மிதவை இருக்கும். ஏடிஸ் இரண்டையும் செய்வதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டிவைக்கும். ஓரிரு நாளில் உள்ளே கரு வளர்ந்துவிட்டால், அதன்பின் தொட்டி காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் ஏறி முழுக வைத்ததும் பொரிக்கும். எல்லாம் ஒரே தடவையில் பொரிப்பதும் இல்லை. கொஞ்சம் முதல் நனைப்பில், மிச்சம் அடுத்த நனைப்பில்.

வளையத்தைச் சுரண்டி எடுத்து, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் போட்டு, கண்ணாடி டம்ளரின் வாயைத் துணியால் கட்டி வைத்தேன். கொதித்த தண்ணீர் எதற்கென்றால், தண்ணீரோடு வந்த புழு என்ற சந்தேகம் வரக்கூடாது. அதோடு பிராணவாயு குறைந்த தண்ணீர் இந்த முட்டைகளைச் சீக்கிரம் பொரிக்கத் தூண்டும். மறுநாள் காலை டம்ளருக்குள் மயிரிழை போலப் புழுக்கள். டம்ளரை அப்படியே ஆச்சி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாங்க புதுத் தண்ணி புடிக்கிறதே இதுகளுக்கு வாசக் கதவத் தொறந்து விடுற மாதிரியில்லா இருக்கு" என்றார். நான் இத்தனை வருடம் நடத்திய பாடத்தைவிட அது தெளிவாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் கூடினோம். இருபது பேர் வந்தார்கள், பெரும்பாலும் ஆண்கள். இது ஒரு குறை, பின்னால் சொல்கிறேன்.

முதலில் வந்த யோசனை எண்ணெய். எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவைக் கொல்லும் என்பது உண்மைதான். பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில் கொசுவைக் கட்டுப்படுத்த நிற்கிற தண்ணீரில் எண்ணெயும் தெளித்தார்கள். எண்ணெய் மேலே பரவியதும் தண்ணீர்த் தோலின் இழுவிசை குறையும். மடல்களில் எண்ணெய் ஒட்டும். மூச்சுக்குழலுக்குள் எண்ணெய் ஏறிப் புழு மூச்சு முட்டிச் சாகும். ஆனால் இது குளிக்கிற, சமைக்கிற தண்ணீர். ஒரு வீட்டில் ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்திருந்தார்கள். அது வட்டவட்டமாக ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது, மீதிப் பரப்பில் புழுக்கள் சௌகரியமாகத் தொங்கின. இந்த யோசனையை விட்டோம்.

இரண்டாவது யோசனை கிணறு. தெருவின் பின்னால் யாரும் இறைக்காத பழைய கிணறு ஒன்று உண்டு. எல்லோருக்கும் அதன்மேல்தான் சந்தேகம். கழிவு எண்ணெயை வாங்கி அதில் கொட்டவேண்டும் என்றார்கள். நானும் பணியாளர்களும் மூன்று தடவை கயிற்றில் வாளி கட்டி எடுத்துப் பார்த்தோம். ஊர்க் கிணறுகளில் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி இருக்குமோ என்று, மூச்சுக்குழல் இல்லாமல் பரப்பில் படுத்தவாக்கில் கிடக்கும் புழுவைத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. அங்கே இருந்தவை கப்பி மீன்கள், மல்லாந்து நீந்தும் பூச்சிகள், தட்டான் குஞ்சுகள், மேலே நீளக் கால்களால் சறுக்கி ஓடும் பூச்சிகள். சறுக்கிப் பூச்சியின் காலில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் காற்றைப் பிடித்துவைத்திருப்பதால் அது தண்ணீர்த் தோலைக் கிழிக்காமல் நடக்கிறது. பரப்பில் எழும் சின்ன அதிர்வைக் காலால் உணர்ந்து, அங்கே விழுந்து துடிக்கும் பூச்சியைப் பிடிக்கும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவரும் கொசுவும் அதற்கு இரைதான். மல்லாந்து நீந்தும் பூச்சி கொசுப்புழுவையே பிடித்து உறிஞ்சும். அதுவும் மூச்சுக்கு மேல்பரப்புக்கு வரவேண்டியதுதான். எண்ணெய் ஊற்றியிருந்தால் கொசுவுக்கு முன்னால் செத்திருப்பது இந்தக் கூட்டம்தான். கிணற்றைத் தொடவேண்டாம் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இரண்டு பேருக்குக் கோபம். அடுத்த நாள் அவர்களையே கூட்டிப்போய் வாளியைக் காட்டினேன்; ஒருவர் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, இரவுக் கொசு. தெருவில் பாதிப் பேர் படும் தொல்லை ராத்திரிக் கடிதான். டெங்குவும் அதனால்தான் என்று நினைத்தார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டியிருந்தது. பகலில் கடிப்பது தொட்டியில் வளர்ந்த ஏடிஸ். இரவில் கடிப்பது கழிவுநீரில் வளர்ந்த கியூலெக்ஸ். இரவுக் கொசுவைத் தேடிப் போனதில், பொதுக் கழிப்பிடம் இருந்த இடத்தில் மூடாத கழிவுக்குழி ஒன்று கிடைத்தது. அதன் பரப்பு முழுக்கக் கறுப்பரிசி போல முட்டைத் தெப்பங்கள். இதற்கு மட்டும் தெர்மகோல் உருண்டைகளைப் பயன்படுத்தினோம். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்காக மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் செய்த முறை இது. ஆப்பிரிக்காவில் சான்சிபாரிலும் செய்திருக்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் உருண்டைகளை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிதக்கவிட்டால், புழு மூச்சுவிட மேலே வர வழியில்லை, கொசு உட்கார்ந்து முட்டையிடவும் இடமில்லை. மருந்தே இல்லாமல் வாசலை மட்டும் அடைக்கிற வேலை. ஆனால் நாலு சுவருக்குள் இருக்கும் குழிக்குத்தான் இது சரி. ஓடும் சாக்கடையில் போட்டால் அடுத்த மழையில் எல்லாம் குளத்துக்குப் போய்விடும் என்பதால், சாக்கடைக்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

தொட்டிகளுக்கு எடுத்த முடிவு: வாரம் ஒருமுறை காலி செய்து, தேங்காய் நாராலும் பிளீச்சிங் பவுடராலும் உள்சுவரை, குறிப்பாக அந்த வளையத்தை, மேல்விளிம்பு வரை தேய்ப்பது. பழைய வேட்டியை இரண்டாக மடித்து, சைக்கிள் ட்யூப்பை வளையமாக வெட்டிப் போட்டு வாயைக் கட்டுவது. மொட்டைமாடி, பின்கட்டில் கிடக்கும் ஆட்டுக்கல், உரல், டயர், தேங்காய் ஓடு இவற்றைக் கவிழ்ப்பது, முடியாததில் மணல் நிரப்புவது, ஃப்ரிட்ஜின் பின்தட்டைத் துடைப்பது.

குழந்தைகளுக்காக ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தையல் ஊசியை மிதக்கவிட்டுக் காட்டினேன். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் ஊசி மூழ்கியது. "கொசு நிக்கிறதும் இப்படித்தானா தாத்தா?" என்று கேட்டது காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த அந்தக் குழந்தைதான். அடுத்த இரண்டு நாள் தெருவில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஊசி. தாய்மார்கள் என்னைத் திட்டினாலும், தண்ணீருக்கு ஒரு தோல் இருக்கிறது என்ற விஷயம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

தோற்ற இடங்கள்

முதல் தோல்வி என்னுடையது. "வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள்" என்று நான் சொன்னேன். எங்கும் சொல்கிற அறிவுரைதான். ஆனால் ஏழாம் நாள் தொட்டியில் இருப்பது, ஒன்பதாம் நாள் வரை ஓடவேண்டிய தண்ணீர். அதைக் கொட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை? யாரும் மறுத்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்கள், கொட்டவில்லை. இரண்டாம் வாரச் சோதனையில் 17 வீடுகள் 14 ஆகத்தான் குறைந்திருந்தன.

அதைப் புரியவைத்தது குழாயடி. ஒரு தண்ணீர் நாளில் பெண்களிடம் நேராகக் கேட்டேன்: தொட்டி எப்போது தானாகக் காலியாகும்? "தண்ணி வர்றதுக்கு முந்தின ராத்திரி தரை தெரிஞ்சிரும்" என்றார்கள். அப்படியானால் எதையும் கொட்டவேண்டியதே இல்லை. அந்த ராத்திரி தேய்த்தால் போதும். தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடம் பேசி, முந்தின நாளே தெருக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்தோம். அவர் சொன்னதும் தெரு முழுக்க நார் சத்தம் கேட்கும். தேய்த்த அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றச் சொன்னோம். சுரண்டிய முட்டை ஈரத்தில் விழுந்தால் அங்கே பொரிக்கும்.

இரண்டாவது தோல்வி துணி. வேட்டித் துணி இரண்டு நாளில் தொய்ந்து நடுவில் தண்ணீரைத் தொட்டது. துணி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றியது. நாங்கள் சுவரிலிருந்து துடைத்தெடுத்த ஈரவிளிம்பைத் துணியின்மேல் புதிதாக உண்டாக்கிக் கொடுத்திருந்தோம். நான்கு வீடுகளில் துணியிலேயே முட்டைகள் இருந்தன. மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் உள்ளே பார்க்கவும் இல்லை. இதைச் சரிசெய்தது டெங்குவிலிருந்து மீண்ட அந்தத் தையல்காரப் பெண். பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளையமாக்கி, துணியை முரசுத் தோல் போல அதில் இழுத்துத் தைத்துவிட்டார். டிரம்முக்கு வட்டம், தொட்டிக்குச் சட்டம் அடித்துச் சதுரம். துணிக்கான செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது, பூட்டிய வீடு. சொந்தக்காரர் வெளியூரில். மொட்டைமாடியில் இரண்டு உடைந்த வாளி, ஓர் ஆட்டுக்கல். பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் மழைத் தண்ணீர் மின்னுவது தெரியும். சாவிக்காக நான்கு வாரம் காத்திருந்தோம். ஏடிஸ் சில நூறு மீட்டருக்கு மேல் போகாத கொசு. அந்த ஓர் ஆட்டுக்கல் சுற்றியுள்ள பத்து வீட்டுக்குப் போதும். 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்கவிடுவதற்கு எதிராக இடம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போய்ப் பதில் வருவதற்குள் மூன்று தலைமுறைக் கொசு பறந்திருக்கும். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் சொந்தக்காரரிடம் போனில் அனுமதி வாங்கி ஏறிப்போய்க் கவிழ்த்தான்.

என்ன ஆனது

தண்ணீர் நாளுக்கு முந்தின இரவு தேய்ப்பது தொடங்கிய பிறகு, மூன்று தண்ணீர் சுற்றுக்குள் புழு இருந்த வீடுகள் 14-லிருந்து 5 ஆயின. டிசம்பர் கடைசிச் சோதனையில் 2. இரண்டும் முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள். குனிந்து தேய்க்க அவர்களால் முடியாது. இப்போது இரண்டு கல்லூரிப் பையன்கள் முறைவைத்துப் போகிறார்கள்.

நவம்பரில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது, ஒருவருக்கு டெங்கு. அதன்பின் அந்தப் பருவத்தில் யாருக்கும் வரவில்லை. இது முழுக்க எங்கள் வேலையால்தான் என்று நான் எழுதமாட்டேன். டிசம்பரில் ஊர் முழுக்கவே காய்ச்சல் குறைந்தது. தொட்டிகளில் புழு குறைந்ததை மட்டும் நாங்களே எண்ணியிருக்கிறோம். கழிவுக்குழியில் தெர்மகோல் போட்ட பிறகு முட்டைத் தெப்பம் தெரியவில்லை. இரவுக் கடி குறைந்ததாகச் சிலர் சொன்னார்கள், சாக்கடை அப்படியே இருப்பதால் முழுக்கப் போகவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு டிரம்முக்குள் துணிக்கீற்றைத் தொங்கவிட்டு, முட்டை விழுந்ததும் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஐந்து வாரம் கழித்து, தெருக்கூட்டத்தின் நடுவிலேயே அதைத் தண்ணீரில் போட்டோம். மறுநாள் காலை புழு. "வெயில்ல காஞ்சா செத்துரும்" என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர், வீட்டுக்குப் போய்க் காலித் தொட்டியைத் தேய்த்தார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அல்ல, ஆடியிலேயே தொடங்கவேண்டும். அப்போது தொட்டிகள் காய்ந்து வளையம் கண்ணுக்குத் தெரியும். முதல் கூட்டத்தை வாசலில் ஆண்களோடு வைக்காமல் குழாயடியில் வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். புழுவை மட்டும் எண்ணியதும் போதாது. இரண்டு நாளில் கொசுவாகப் போவது கூட்டுப்புழுதான் என்பதால், அது இருக்கும் தொட்டியைத் தனியாகக் குறிக்கவேண்டும். பணியாளர் பெண்களைத் திட்டிய அந்த நாளுக்காகத் தெருவில் யாரும் அவர்களிடம் வருத்தம் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லியிருக்கவேண்டும்.

ஜூனில் தண்ணீர் இடைவெளி பன்னிரண்டு நாளானது. கொசு வளர எடுக்கும் ஏழு முதல் பத்து நாளைவிட அது நீளம்; தொட்டி காலியாவதற்குள்ளேயே ஒரு தலைமுறை பறந்துவிடும். அந்த நாட்களுக்குப் பணியாளர்களைக் கூப்பிட்டு மருந்தும் ஊற்றிக்கொள்கிறோம், இம்முறை யாரும் மொண்டு கொட்டுவதில்லை. குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக மூடிய குடம். எந்த வீட்டில் எத்தனை தொட்டி, எத்தனை டிரம், எது எப்போது தேய்த்தது என்ற நோட்டு தையல்காரப் பெண்ணிடம் இருக்கிறது.